மிளகுக்கொடியும் வேரழுகலும்

அந்தமான் தீவுகளில் தென்னந்தோப்போ பாக்குத் தோட்டமோ உடையவர்களுள் பலர் அம்மரங்களின் அடியில் மிளகுக்கொடியையும் நட்டுப் படரவிட்டிருக்கிறார்கள். இதற்குத் தனி நிலம் வேண்டுவதில்லை, பந்தலும் வேண்டுவதில்லை. நிற்கும் மரமே கொழுகொம்பாகிறது. நட்ட மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும் கொடி, ஏழெட்டு ஆண்டுகளில் நிறைந்த பலன் தரும். நன்கு உலர்த்திய மிளகு எளிதில் கெடுவதில்லை. காய்கறியைப்போல் அன்றன்றே விற்றாக வேண்டும் என்ற நெருக்கடி அதற்கு இல்லை. கப்பல் தாமதித்தாலும் மிளகு மூட்டைக்குள் காத்திருக்கும். விளைந்ததைக் கடல் கடந்து சந்தைக்கு அனுப்பவேண்டிய தீவு மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான பயிர்கள் சிலவே.

இத்தகைய கொடி மழைக்காலத்தின் நடுவே ஒருநாள் காலையில் இலை தொங்கி நிற்கிறது. நீர் போதவில்லையோ என்று ஐயுறுவதற்கும் இடமில்லை. முந்தைய இரவெல்லாம் மழை கொட்டியிருக்கிறது. சில நாட்களில் இலைகள் உதிர்கின்றன. கணுக்கள் கழன்று கிளைகள் விழுகின்றன. ஏழாண்டு வளர்த்த கொடி ஒரே மாதத்தில் வெறும் கயிறாக மரத்தில் தொங்குகிறது. பிறகு பக்கத்து மரத்துக் கொடி வாடுகிறது. அதன்பின் அதற்கடுத்த கொடி. இவ்விழப்புக்குக் காரணம் யாது, இதனை வராமல் தடுப்பது எங்ஙனம் என்பவற்றை இன்று காண்போம்.

நீரைத் தேக்கும் பழக்கம்

தமிழ்நாட்டின் ஆண்டு மழை சராசரியாக ஏறத்தாழ 950 மில்லிமீட்டர். அதுவும் சில மாதங்களில் பெய்து ஓய்ந்துவிடும். ஆகவே நம் முன்னோர் கற்ற உழவுத்தொழிலின் உயிர்நாடி நீரைத் தேக்குவதே. ஏரியும் குளமும், கண்மாயும் வரப்பும் அதற்காகவே எழுந்தன. தென்னைக்கு வட்டப்பாத்தி வெட்டி, விழும் ஒவ்வொரு துளியையும் வேரடியில் நிறுத்துபவனையே நல்ல உழவன் என்கிறோம்.

அந்தமானின் நிலை வேறு. போர்ட் பிளேர் நகரில், அதாவது 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற ஊரில், ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மே மாதத்தின் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்வதற்குள் வடகிழக்குப் பருவமழை தொடர்ந்துவிடுகிறது. சனவரி முதல் ஏப்ரல் வரையிலான காலமே உலர்ந்த காலம். ஏனைய மாதங்களில் நிலம் காய்வதற்கு இடைவெளி மிகக் குறைவு. குன்றுச் சரிவுகளின் மண் பெரும்பாலும் களி சேர்ந்தது, அமிலத்தன்மை உடையது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தின்போது தென் அந்தமானின் நிலப்பரப்பே சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் முதலிய இடங்களில் தாழ்ந்த வயல்கள் கடல்நீர் புகுந்து பயிருக்கு உதவாமற் போயின. வயலை இழந்தவருக்குச் சரிவிலுள்ள தோப்பே பெருந்துணை. அத்தோப்பில் ஒரு கொடியை இழப்பதும் சிறிய இழப்பாகாது.

இத்தகைய இடத்தில் வட்டப்பாத்தி வெட்டி அதனுள் மிளகை நட்டால், பாத்தி மழைநாளில் சிறு குளமாகிவிடும். மிளகின் உண்ணும் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுபவை. அவற்றிற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். நீர் நின்ற மண்ணில் காற்றுக்கு இடமில்லை. மூச்சுமுட்டித் தளர்ந்த வேரை நோய் எளிதில் பற்றுகிறது. தாய்நாட்டில் நன்மை செய்த பழக்கமே இங்குத் தீமையாக முடிவது இவ்வாறுதான். தீவில் குடியேறிய உழவர் முதலில் கற்கவேண்டிய பாடம், நீரைத் தேக்கும் கலையோடு நீரை வழியனுப்பும் கலையையும் கற்பதே.

நோயின் வரலாறு

மிளகுக்கொடி திடீரென வாடுவது புதிய செய்தியன்று. வயநாட்டுத் தோட்டங்களில் கொடிகள் மடிந்தமையைச் சென்னை மாகாண அரசாங்கத் தாவரவியலாளராக இருந்த பார்பர் 1902-ஆம் ஆண்டளவில் ஆராய்ந்தார். பின்னாளில் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சியால் புகழ்பெற்றவரும் இவரே. டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் இந்நோயை ஆராய்ந்த முல்லர், இதனை உண்டாக்குவது பைட்டாப்தொரா என்னும் நுண்ணுயிர் என்று 1936-இல் எழுதினார். கேரளத்திலும் அதுவே காரணம் என்பது 1966-இல் வெளியாயிற்று. இன்று நம் நாட்டில் மிளகைத் தாக்கும் இனம் பைட்டாப்தொரா கேப்சிசி எனப் பெயர் பெறுகிறது. இவ்வினத்தை முதன்முதல் மிளகாய்ச் செடியில் கண்டு 1922-இல் விவரித்தார்கள். பெயரிலுள்ள கேப்சிசி என்பது மிளகாயைக் குறிப்பது.

பைட்டாப்தொரா என்னும் கிரேக்கச் சொல்லுக்குச் 'செடியை அழிப்பது' என்று பொருள். ஜெர்மானிய அறிஞர் டி பாரி 1876-இல் இப்பெயரைச் சூட்டினார். 1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழுகச் செய்து கொடும் பஞ்சத்தை விளைத்தது இக்குடும்பத்தைச் சேர்ந்த மற்றோர் இனமே. பார்வைக்குப் பூசணம் போலத் தோன்றினும் இது உண்மையான பூசணம் அன்று. நீரில் வாழும் சில பாசிகளுக்கே இது நெருங்கிய உறவு. இவ்வுண்மை நமக்குப் பெரிதும் பயன்படுவது; மருந்து பற்றிப் பேசுங்கால் இதற்குத் திரும்புவோம்.

நீரிலே நீந்தும் பகை

இந்நுண்ணுயிர் மண்ணிலும், உதிர்ந்த இலையிலும், மடிந்த கொடியின் வேரிலும் தங்கியிருக்கும். மழை பெய்து மண்ணின் துளைகளில் நீர் நிரம்பியதும், அது சிறு பைகளை உண்டாக்குகிறது. ஒவ்வொரு பையிலிருந்தும் கண்ணுக்குப் புலப்படாத வித்துக்கள் பல வெளிப்படுகின்றன. ஒவ்வொரு வித்துக்கும் சாட்டை போன்ற இரண்டு இழைகள் உண்டு. அவற்றை அசைத்து அது நீரில் நீந்துகிறது. வேரிலிருந்து கசியும் பொருள்களை உணர்ந்து வேரை நோக்கிச் செல்கிறது. அதன்மேல் ஒட்டிக்கொண்டு முளைவிட்டு உள்ளே நுழைகிறது.

நீந்துவதற்கு நீர் வேண்டும் என்பதை இங்கே கருதுங்கள். மண் வெறும் ஈரமாக இருந்தால் போதாது. நீர் நிறைந்து நிற்கவேண்டும். வடிகால் உள்ள நிலத்தில் இவ்வித்துக்கு வழி அடைபட்டுவிடுகிறது. மேலும் மழைத்துளி தரையில் அறையும்போது மண்ணோடு சேர்ந்து தெறித்து, இந்நுண்ணுயிர் தாழ்ந்த இலைகளை அடைகிறது. அங்கிருந்து காற்றும் மழையும் அதனை மேலும் உயர ஏற்றுகின்றன. சரிவான தோட்டத்தில் மேல்வரிசைக் கொடி நோயுற்றால், வழிந்தோடும் நீர் கீழ்வரிசைக்கு நோயைச் சுமந்து செல்கிறது. சேறு படிந்த காலும், மண்வெட்டியும் அதே வேலையைச் செய்கின்றன.

அறிகுறிகள் மூன்று

முதலாவது, இலையில் தோன்றுவது. கரும்புள்ளிகள் எழுந்து விரைவில் விரியும். புள்ளியின் ஓரம் இழை இழையாகக் கலைந்திருக்கும். இத்தகைய இலை முழுவதும் கருகுமுன்பே உதிரும். தரைமேல் ஓடும் இளங்கொடிகளில் இதனை முதலில் காணலாம். இது ஒரு நல்ல எச்சரிக்கை. இந்த நிலையில் கொடியைக் காப்பாற்ற வழியுண்டு.

இரண்டாவது, அடித்தண்டில் தோன்றுவது. மண்ணை ஒட்டிய பகுதியில் பட்டை கறுத்து, நீரில் ஊறியது போல் மெலியும். தீமை முற்றும்வரை மேலே இலைகள் பசுமையாகவே இருக்கும். இலை தொங்கும்போது அடித்தண்டு அழுகி முடிந்திருக்கும். இக்கொடிக்கு மருந்து ஊற்றுவது வீண் செலவு.

மூன்றாவது, உண்ணும் வேர்களில் மட்டும் தோன்றுவது. கொடி சிறிது சிறிதாக மஞ்சளிக்கும்; இலைகள் சில உதிரும். மழைக்காலம் முடிந்ததும் புதுத் தளிர் விட்டு, நோய் நீங்கியது போல் காட்டும். அடுத்த மழையில் மீண்டும் தளரும். இவ்வாறு இரண்டு மூன்று ஆண்டுகள் இழுத்துப் பின் மடியும். கொடி தளிர்த்ததைக் கண்டு ஏமாறுபவர் பலர். அத்தளிர் நோய் தணிந்திருக்கும் இடைவேளையின் அறிகுறியே. நமக்குக் கிடைத்த தவணை என்று அதனைக் கொள்ளவேண்டும்.

மழைக்கு முன் செய்யவேண்டியவை

மார்ச்சு, ஏப்ரல் மாதங்களே இந்நோயோடு போரிடும் காலம். மழை தொடங்கியபின் நாம் செய்யக்கூடியவை குறைவு.

கொடியின் அடியில் பள்ளம் இருந்தால் மண்ணிட்டு மேடாக்குங்கள். அடித்தண்டைச் சுற்றி மண் சற்று உயர்ந்து, வெளிப்புறம் நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். சரிவின் மேற்புறத்தில் குறுக்குக் கால்வாய் ஒன்றை வெட்டி, மேலிருந்து வரும் நீரைத் தோட்டத்தின் ஓரமாகத் திருப்புங்கள். வரிசைகளுக்கு நடுவே ஆழமற்ற வடிகால்கள் அமையட்டும். தென்னைக்கென வெட்டிய பாத்தி இருந்தால், அதன் கீழ்க்கரையை உடைத்து நீர் வெளியேற வழிசெய்யுங்கள். கொடியைத் தென்னையின் தூரை ஒட்டி நடாமல் சற்று விலக்கி நட்டு மரத்தில் ஏற்றுவதும் நன்று.

தரைமேல் ஓடும் கொடிகளை ஒன்று வெட்டிவிடவேண்டும். அல்லது மரத்தோடு சேர்த்துக் கட்டவேண்டும். தரையைத் தொடும் இலையே நோய் ஏறும் ஏணி. நிழல் தரும் மரங்களின் கிளைகளைக் கழித்து, வெயிலும் காற்றும் உள்ளே புகச் செய்யவேண்டும். இலைமேல் ஈரம் விரைவில் உலர்ந்தால் நோய்க்கு இடம் குறையும். சென்ற ஆண்டு மடிந்த கொடிகளை வேரோடு அகழ்ந்து, தோட்டத்திற்கு வெளியே எரித்துவிடவேண்டும். அவ்விடத்தில் உடனே புதுக் கொடி நடலாகாது. மழைக்காலத்தில் கொடியின் அடியைக் கொத்தவே கூடாது. கொத்துவதால் வேர் அறுபடும், அறுபட்ட புண் நோய்க்கு வாயிலாகும். களையைக் கையால் அறுத்து அங்கேயே மூடாக்காகப் பரப்பலாம். அம்மூடாக்கு மழைத்துளி மண்ணைத் தெறிக்கவிடாமல் தடுக்கும். ஆயினும் அடித்தண்டைத் தொடாதவாறு ஒரு சாண் விலக்கிப் பரப்புக.

மருந்துகள்

வடிகால் அமைத்தபின் மருந்து துணைசெய்யும். வடிகால் இல்லாத இடத்தில் எம்மருந்தும் நிலைக்காது. நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது போர்டோக் கலவை. பிரான்சு நாட்டின் போர்டோப் பகுதியில், வழிப்போக்கர் திராட்சையைப் பறிக்காதிருக்க, சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிக்கும் வழக்கம் இருந்தது. அக்கொடிகள் மட்டும் நோய்க்குத் தப்பியதைப் பேராசிரியர் மில்லார்டே 1882-இல் கவனித்தார். ஆராய்ந்து 1885-இல் உலகுக்கு அறிவித்தார். அங்குத் திராட்சையைத் தாக்கிய நோயும் பைட்டாப்தொராவுக்கு உறவான நுண்ணுயிரால் வந்ததே.

ஒரு விழுக்காட்டுக் கலவை செய்ய, ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரில் கரையுங்கள். ஒரு கிலோ நல்ல சுட்ட சுண்ணாம்பை வேறொரு கலத்தில் நீற்றி 50 லிட்டர் நீரில் கரைத்து வடிகட்டுங்கள். பின்னர் துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள். இரும்புக் கலம் ஆகாது. மண், மரம், பிளாஸ்டிக் கலங்கள் ஏற்றவை. துலக்கிய கத்தியொன்றைக் கலவையில் சிறிது நேரம் நனைத்துப் பாருங்கள். கத்தியில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்பது பொருள், மேலும் சேர்க்கவேண்டும். இக்கலவையை அன்றே தெளித்துவிட வேண்டும். மழை தொடங்கும் வேளையில் ஒருமுறையும், ஆகஸ்டு அல்லது செப்டம்பரில் மழை சற்று இடைவிடும்போது மறுமுறையும் இலை முழுவதும் நனையத் தெளிப்பது முறை. அதனோடு, லிட்டருக்கு 2 கிராம் வீதம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்த நீரைக் கொடி ஒன்றுக்கு 5 முதல் 10 லிட்டர் வரை வேரடியில் ஊற்றவேண்டும்.

முன்னே சொன்ன உறவுமுறையை இங்கே நினைவுகூர்க. பகை உண்மையான பூசணம் அன்று. ஆதலால் கார்பெண்டாசிம் போன்ற பொதுப் பூசணக்கொல்லிகள் அதன்மேல் வேலை செய்வதில்லை. கடையில் கிடைத்ததை வாங்கி ஊற்றுபவர் பணத்தையும் இழப்பர், கொடியையும் இழப்பர். லிட்டருக்கு 3 மில்லி வீதம் பொட்டாசியம் பாஸ்போனேட்டும், லிட்டருக்கு 1.25 கிராம் வீதம் மெட்டலாக்சில்-மான்கோசெப் கலவையும் இவ்வகை நுண்ணுயிருக்கு ஏற்றவை.

நன்மை செய்யும் பூசணமும் ஒன்று உண்டு. டிரைக்கோடெர்மா என்பது அதன் பெயர். பகையைப் பற்றி உண்டு அழிக்கும் இயல்பு அதற்கு இருக்கிறது. அதனை நன்கு மக்கிய தொழுவுரத்தோடும் வேப்பம் பிண்ணாக்கோடும் கலந்து, பருவமழையின் தொடக்கத்தில் கொடி ஒன்றுக்கு 50 கிராம் வீதம் வேரடியில் இடலாம். ஆனால் செம்பு மருந்து ஊற்றிய மண்ணில் இதனை உடனே இடலாகாது. அம்மருந்து இந்நண்பனையும் வருத்தும். இரண்டுக்கும் இடையே சில வாரங்கள் செல்லட்டும்.

வேரைத் தின்பனவும் நத்தையும்

வேரழுகலுக்கு வாயில் திறந்துவிடுபவை சில உயிர்கள். அவற்றுள் நூற்புழு முதன்மையானது. கண்ணுக்குத் தெரியாத இப்புழு வேரைத் துளைத்து உறிஞ்சுகிறது. ஒருவகை வேரில் முடிச்சுகளை உண்டாக்கும். மற்றொரு வகை வேரைக் குடைந்து கருகச் செய்யும். கொடி மஞ்சளித்து ஆண்டுக்கணக்கில் மெலியும். வேப்பம் பிண்ணாக்கு இதனைக் குறைக்கும். வேரில் பஞ்சு போல வெண்மையாக ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. கொடியின் அடியில் எறும்புகள் ஓயாது ஊர்ந்தால், மண்ணைச் சிறிது விலக்கிப் பாருங்கள். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பை நாடியே எறும்புகள் வருகின்றன.

மூன்றாவது பகை, நம் கண்ணெதிரே ஊரும் ஆப்பிரிக்கப் பெருநத்தை. சப்பானியர் அந்தமானைக் கைப்பற்றியிருந்த 1942 முதல் 1945 வரையிலான காலத்தில் இது இத்தீவுகளுக்கு வந்தது என்பர். இளந்தளிரை மேய்வதோடு இதன் தீமை நிற்பதில்லை. போர்னியோத் தீவின் சரவாக்கில் உள்ள மிளகுத் தோட்டங்களில், நத்தைகள் அழுகல் நோயைக் கொடிக்குக் கொடி கொண்டுசெல்கின்றன என்பது 1964-இல் வெளியான ஆராய்ச்சியில் தெரியவந்தது. ஆகவே நத்தையைப் பிடிப்பதும் வேரழுகலைத் தடுக்கும் வேலையே. நனைத்த சாக்கின் அடியில் பப்பாளி இலைகளை இட்டு வைத்தால், பகலில் நத்தைகள் அங்கே ஒதுங்கும். அவற்றைப் பொறுக்கி உப்புநீரில் இட்டு அழித்துக் குழியில் புதைக்கலாம். வெறுங்கையால் தொடாதீர்கள்; மனிதருக்குத் தீங்கு செய்யும் புழுக்களை நத்தை சுமந்திருக்கக்கூடும். உரம் பொருத்தமாகுமே என்று உப்புநீரைக் கொடியின் அடியில் கொட்டுவதும் தவறு.

கடல் என்னும் வேலி

தீவில் வாழ்பவருக்கு இயற்கை அளித்த காவல் ஒன்று உண்டு. சென்னைக்கும் நமக்கும் இடையே 1,300 கிலோமீட்டருக்கு மேல் கடல் கிடக்கிறது. மண்ணில் வாழும் நுண்ணுயிரும் நூற்புழுவும் அக்கடலைத் தாமாகக் கடப்பது அரிது. அவற்றைக் கடத்தி வருபவர் நாமே. விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும்போது, உறவினர் தோட்டத்து நல்ல கொடியின் நாற்று ஒன்றை மண்ணோடு பையில் வைத்துக்கொண்டு வருகிறோம். அன்பினால் கொடுத்தது, ஆசையினால் கொணர்ந்தது. ஆனால் ஒரு கைப்பிடி மண்ணில் ஒரு தோட்டத்தையே அழிக்கும் விதை இருக்கலாம்.

நாற்றினைத் தீவிலேயே, நோயற்ற தாய்க்கொடியிலிருந்து எடுங்கள். வெயிலில் பிளாஸ்டிக் தாளால் மூடிச் சில வாரம் சூடேற்றிய மண்ணைப் பையில் நிரப்பி வளருங்கள். கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட சக்தி, தேவம் என்னும் வகைகள் இந்நோயை ஓரளவு தாங்குபவை. தாங்கும் திறன் வேறு, நோயே அணுகாமை வேறு. ஆகையால் அவ்வகைகளை நட்டாலும் வடிகால் வேண்டும். 1978-ஆம் ஆண்டு முதல் போர்ட் பிளேரில் இயங்கிவரும் மத்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், இன்று மத்தியத் தீவு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் எனப் பெயர் பெற்றுள்ளது. ஐயமுள்ள கொடியின் வேரையும் மண்ணையும் எடுத்துச் சென்று அங்குள்ளோரிடம் காட்டி ஆலோசனை பெறலாம்.

நேயர்களே, மருந்தின் பெயர் மறந்தாலும் ஒன்றை மட்டும் மறவாதீர்கள். முதல் மழை பெய்யும் நாளில் குடையை எடுத்துக்கொண்டு உங்கள் தோட்டத்திற்குச் செல்லுங்கள். ஒவ்வொரு கொடியின் அடியிலும் நின்று, விழுந்த நீர் எங்கே போகிறது என்று பாருங்கள். ஓடிச் சென்றால் நல்லது. நின்றால், அங்கேயே மண்வெட்டியால் ஒரு வழி திறந்துவிடுங்கள். கொடியின் தூரைத் தொடாமல், சற்று விலகி வெட்டுங்கள். நோய் வந்தபின் செய்யும் பல நாள் வேலையைவிட, அன்று அந்த அரைமணி நேரத்தில் செய்யும் வேலை பெரிது.